ஆள்காட்டி பார்த்துக்கொண்டிருக்கிறது

பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வாசல்படி இறங்கினால் திருநெல்வேலிப் பக்கத்து வீடுகளில் பின்னாலிருந்து ஒரு குரல் வரும்: "தனியாப் போவாத, கூட யாரையாது கூட்டிட்டுப் போ." அக்கறையில் வரும் சொல். ஆனால் விடியக்காலம் ஐந்து மணிக்கு எழுந்து, பஸ் பிடித்து, ஒரே மடையடியில் மூன்று மணி நேரம் அசையாமல் உட்கார எத்தனை பேர் கூட வருவார்கள்? வந்தாலும் நாலு பேர் சேர்ந்த இடத்தில் பேச்சு முளைக்கும். பேச்சு முளைத்த இடத்தில் உள்ளான் குருவி நிற்காது. பறவை பார்ப்பது பெரும்பாலும் ஒற்றை ஆள் வேலையாகத்தான் இருந்துவருகிறது. அதனால் இந்த அறிவுரையைக் கேட்பவர் தலையை ஆட்டிவிட்டுத் தனியாகவே போகிறார். எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்பதை யாரும் அவருக்குச் சொல்வதில்லை. எனக்கு நெடுநாளாக உறுத்திக்கொண்டிருப்பது இதுதான்.

தனியாக இருப்பதே ஆபத்து என்றால் ஆடு மேய்ப்பவரும், வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகிறவரும், பனையேறியும் தினமும் அதே ஆபத்தில்தான் இருக்கிறார்கள். அவர்கள் போகும் அதே வரப்பில் போகும் நமக்கும் அவர்களுக்கும் என்ன வித்தியாசம்? இரண்டு இருக்கின்றன. ஒன்று, அவர்கள் கண் காலடியிலும் சுற்றிலும் இருக்கிறது. நம் கண் தூரத்தில் ஒரு கிளையில் இருக்கிறது. இன்னொன்று, அவர்களை ஊருக்குத் தெரியும்; நம்மைத் தெரியாது.

முதலாவதைக் கணக்காகவே பார்க்கலாம். பெரும்பாலோர் வைத்திருப்பது எட்டு மடங்கு பெரிதாக்கும், 42 மில்லிமீட்டர் வாய் கொண்ட பைனாகுலர். அதற்குள் தெரியும் உலகம் ஏறக்குறைய 8 பாகை அகலம். 1000 மீட்டர் தூரத்தில் 140 மீட்டர் அளவுதான். வெறுங்கண்ணுக்கு இடமும் வலமுமாக 180 பாகைக்குக் குறையாமல் புலப்படும். பைனாகுலரைத் தூக்கும் ஒவ்வொரு முறையும் சுற்றுப்புறத்தின் பெரும்பகுதியை அணைத்துவிடுகிறோம். இரண்டு கையும் போய்விடுகிறது. காதும் மெல்லிய 'ட்சிக்' ஒன்றைத் தேடிக்கொண்டிருப்பதால் பின்னால் வரும் காலடி அதற்கு எட்டுவதில்லை. இதற்கு மேல், பறவை பார்க்க நமக்குச் சொல்லித்தரப்படுவதெல்லாம் மறைவதற்கான வித்தைகள்: மங்கின நிறச் சட்டை, புதருக்குப் பின் இடம், தாழ உட்காருவது, சத்தமில்லாமல் நடப்பது. பறவைக்கு இவை வேண்டும். ஆனால் இதே நாலு பழக்கமும் கரடிக்கும் நமக்கும் நடுவே இருக்க வேண்டிய முன்னறிவிப்பை இல்லாமல் ஆக்குகின்றன. ஊர்க்காரர் கண்ணில் நம்மைச் சந்தேகத்துக்குரிய ஆளாக்குகின்றன. விழுந்து கிடந்தால் தேடுபவருக்கும் தெரியாமல் செய்கின்றன. பறவைக்கு மறைவாகவும் மனிதருக்கு வெளிச்சமாகவும் ஒரே நேரத்தில் இருப்பது எப்படி என்பதுதான் தனியாகப் போகிறவர் தீர்க்க வேண்டிய கணக்கு.

காலடி

பைனாகுலர் கண்ணில் இருக்கும்போது கால் நகரக் கூடாது. பார்ப்பதானால் நிற்க வேண்டும்; நடப்பதானால் கருவி நெஞ்சில் தொங்க வேண்டும். பறந்து போகும் பூநாரைக் கூட்டத்தைத் தொடர்ந்து தலை திரும்பும்போது கால் தானாக ஓர் அடி பின்வாங்கும். குளத்துக் கரையின் மேற்பாதை பல இடங்களில் ஒரு மாட்டுவண்டி அகலம்கூட இருக்காது. நிற்கும் இடத்தைச் சுற்றி ஒரு முழு வட்டம் பார்வையால் துழாவி, கம்பால் இரண்டு தட்டுத் தட்டி, கால் இரண்டையும் ஊன்றிய பிறகே தூக்குவது என்று பழகிக்கொண்டால் பாதி விபத்து அங்கேயே நின்றுவிடும். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை பைனாகுலரை இறக்கிப் பின்னால் திரும்பிப் பார்ப்பதையும் அதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

நம் குளங்களில் எல்லாவற்றையும்விட நான் அஞ்சுவது கரம்பை எடுத்த குழிகளை. கோடையில் குளம் வற்றியதும் ஜேசிபி இறங்கும். வண்டல் அள்ளுவது நல்ல காரியம்தான். வயலுக்கு உரம், குளத்துக்கு ஆழம். ஆனால் சீராகச் சரித்து வெட்டாமல், மண் நன்றாக இருக்கிற இடத்தில் மட்டும் செங்குத்தாகத் தோண்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் ஏறியதும் அந்தக் குழியும் சுற்றியுள்ள முழங்கால் ஆழமும் ஒரே மட்டமாகத் தெரியும். வாத்து வருவதும் அப்போதுதான். இன்னும் பத்தடி உள்ளே போனால் படம் தெளிவாக விழும் என்ற ஆசை வருவதும் அப்போதுதான். முழங்கால் தண்ணீரில் நடப்பவர் அடுத்த அடியில் ஆள் ஆழத்தில் இருப்பார். கழுத்தில் ஒரு கிலோ கருவி, முதுகில் பை, காலில் சேறு நிறைந்த பூட்ஸ். நீச்சல் தெரிந்தவருக்கும் அந்தச் செங்குத்துச் சுவரைப் பிடித்து ஏறுவது கடினம். களிமண் கையோடு பெயர்ந்து வரும். தனியாகப் போகும்போது தண்ணீருக்குள் இறங்குவதே இல்லை என்று வைத்துக்கொள்வதுதான் என் முடிவு. வேறு வழியே இல்லை என்றால், எருமை இறங்கி ஏறுகிற தடத்தை விட்டு விலகக் கூடாது. கோடையில் ஒருமுறை வற்றிய குளத்தை நடந்து பார்த்துக் குழிகளைக் குறித்துவைப்பது அதைவிட நல்லது. அந்த ஒரு மணி நேரம் அடுத்த ஆறு மாதத்துக்கு உதவும்.

சேற்றில் கால் புதைந்தால் இழுக்க இழுக்க உறிஞ்சும். ஒரு காலை எடுக்க மற்றக் காலை ஊன்றுவதால் அது இன்னும் ஆழப் போகும். பையைக் கழற்றி முன்னால் போட்டு, டிரைபாடைப் படுக்கையாக வைத்து, அதன் மேல் நெஞ்சையோ இடுப்பையோ சாய்த்து எடையைப் பரப்ப வேண்டும். பிறகு காலை முன்னும் பின்னுமாக மெல்ல ஆட்டினால் இடுக்கில் தண்ணீர் புகுந்து பிடி தளரும். செருப்பு போனால் போகட்டும். குளம் நிரம்பி வழியும் இடமான மறுகால் பாயும்போது அதன் மேல் நடந்து அக்கரை போவதும், திறந்திருக்கும் மடையின் தண்ணீர்ப் பக்கம் இறங்குவதும் வேண்டவே வேண்டாம். மறுகாலில் கணுக்கால் அளவுதான் போகும். ஆனால் அடியில் பாசி. 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் உடைந்து பிறகு அடைத்த கரைகளில் பழைய மண்ணும் புது மண்ணும் சேரும் இடத்தில் விரிசல் தெரிந்தால் ஓரத்தில் நிற்காமல் கடந்துவிட வேண்டும்.

ஆற்றுக்கு வேறு கணக்கு. தாமிரபரணியில் மணல் அள்ளிய இடங்கள் ஆழமான கசமாகிக் கிடக்கின்றன. பாபநாசம் அணையில் திறக்கும் தண்ணீர் வெயில் அடிக்கிற நேரத்திலும் இங்கே ஏறும். ஆற்றுக்கு நடுவே மணல்திட்டில் உட்காருகிறவர், வந்ததும் தண்ணீர் ஓரத்தில் ஒரு குச்சியை ஊன்றி வைத்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அதைப் பார்க்க வேண்டும். தண்ணீர் கலங்கி, சருகு மிதந்து வரத் தொடங்கினால் பறவையை விட்டுவிட்டுக் கரையேற வேண்டியதுதான்.

பாம்பைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. வரப்பிலும் கரைச் சரிவிலும் அதிகம் பயப்பட வேண்டியது கண்ணாடி விரியனுக்கு. தேரி எனும் செம்மணல் காடு, பொட்டல், கல்லுக்குவியல் என்றால் சுருட்டை விரியனுக்கு. இரண்டும் விலகி ஓடாமல் சுருண்டு கிடக்கும் சுபாவம் கொண்டவை; மிதிப்பவர்தான் கடிபடுகிறார். கணுக்காலை மூடும் பூட்ஸ், அதன் மேல் தளர்ந்த தடித்த பேன்ட், கையில் ஐந்தடிக் கம்பு, வெளிச்சம் வராத நேரத்தில் நெற்றியில் கட்டும் டார்ச். கல்லின் மேலோ மடைச் சுவரிலோ கை வைக்கும் முன் கண்ணால் பார்க்க வேண்டும். கடித்துவிட்டால்: அப்படியே உட்கார்ந்து, மோதிரம், கொலுசு, வாட்ச் ஆகியவற்றைக் கழற்றி, நேரத்தைக் குறித்து, 108-ஐக் கூப்பிட வேண்டும். கயிறு இறுக்கிக் கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது மூன்றும் கேடு. பாம்பை அடித்துக் கொண்டுபோகத் தேவையில்லை. இங்கே கொடுக்கும் விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒன்றே. கடிபட்ட காலை அதிகம் அசைக்காமல், யார் பைக்கிலாவது நடுவில் உட்கார்ந்து, பின்னால் ஒருவர் பிடித்துக்கொள்ள, அரசு மருத்துவமனைக்குப் போவது ஆம்புலன்சுக்காகக் கரையில் காத்திருப்பதைவிட வேகமாக இருக்கலாம். பாளையங்கோட்டை ஐகிரவுண்டு பெரியாஸ்பத்திரி எத்தனை கிலோமீட்டர், அதற்கு முன்னால் வழியில் எந்த அரசு மருத்துவமனை என்பதைக் கிளம்பும் முன்பே தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஆள் யாரும் இல்லை, சிக்னலும் இல்லை என்றால் ஓடாமல், நின்று நின்று, ரோட்டை நோக்கி நடப்பதைத் தவிர வழியில்லை. ஓடினால் விஷம் வேகமாகப் பரவும்.

களக்காடு, கடையம் பக்கம் மலையடிவாரத் தோட்டங்களில் இன்னொன்று இருக்கிறது. பன்றிக்காகத் திருட்டுத்தனமாகக் கட்டும் மின்கம்பி. முறையாகப் போடும் சோலார் வேலியில் நாலைந்து வரிசைக் கம்பி, வெள்ளை இன்சுலேட்டர், விட்டுவிட்டு வரும் மின்துடிப்பு இருக்கும். தொட்டால் தூக்கிப் போடும், ஆளைக் கொல்வதற்காக அமைத்ததல்ல. திருட்டுக் கம்பி அப்படி இல்லை. தரையிலிருந்து முழங்காலுக்கும் கீழே, சின்னக் குச்சிகளில் ஒற்றைக் கட்டுக்கம்பி ஓடும். நேரடி லைனிலிருந்து கொக்கி போட்டிருப்பார்கள். இருட்டில் கண்ணுக்குத் தெரியாது. ஆந்தை பார்க்க, பக்கி என்னும் இராப்பறவை பார்க்க வாழைத் தோட்டத்து ஓரம் போகிறவர்கள் நன்றாக விடியும்வரை வண்டிப்பாதையை விட்டு இறங்கவே கூடாது. பகலிலும் தெரியாத கம்பியைத் தாண்ட வேண்டாம். காட்டு ஓரத்தில் தரையில் கிடக்கும் உருண்டையான பொட்டலம் எதையும் காலால் தட்டிப் பார்க்கவும் கூடாது; பன்றிக்கு வைத்த வெடியாக இருக்கலாம்.

கூந்தன்குளம் சொல்வது

மறைந்திருந்தால்தான் பறவை தெரியும் என்று நம்புகிறவர்கள் நாங்குநேரி வட்டத்துக் கூந்தன்குளத்துக்கு ஒருமுறை போய் நிற்க வேண்டும். 1994-இல் சரணாலயமாக்கப்பட்டு, 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்ததாக அறிவிக்கப்பட்ட ஊர். 129 ஹெக்டேர் சொச்சம்தான் பரப்பு. அங்கே கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் குளத்து மரங்களில் மட்டும் கூடு கட்டுவதில்லை. தெருவில், வீட்டுக்குப் பின்புறம், பாத்திரம் கழுவுகிற இடத்துக்கு மேலேயே கட்டுகின்றன. எச்சம் கரைந்த குளத்துத் தண்ணீர் வயலுக்கு உரமென்று ஊர் அறியும். தீபாவளிக்கும் வெடி வெடிக்காத ஊர். வெளியூரிலிருந்து ஒருவர் வந்து தெருவில் நிற்கிறார் என்றால், அவர் பறவை பார்க்க வந்தவர் என்று அங்கே குழந்தைக்கும் தெரியும்.

இந்த ஊரை வைத்து யோசிக்கும்போதுதான் மேலே சொன்ன கணக்குக்கு விடை கிடைக்கிறது. பறவை விலகி ஓடுவது திடீரென்று வருகிறவரிடமிருந்தும், நேராகத் தன்னை நோக்கி நடக்கிறவரிடமிருந்தும், கையை வீசுகிறவரிடமிருந்தும். தினமும் ஒரே தடத்தில், ஒரே வேகத்தில் போகிற ஆளை அது கண்டுகொள்வதில்லை. ஆடு மேய்ப்பவர் சத்தமாகப் பாட்டே போட்டுக்கொண்டு போவார். இருபதடியில் அரிவாள் மூக்கன் மேய்ந்துகொண்டிருக்கும். அப்படியானால் நாமும் ஒளிய வேண்டியதில்லை. வழக்கமான ஆளாக ஆனால் போதும். பறவைக்கு மட்டுமில்லை, ஊருக்கும். ஒரு குளத்தில் பத்து நாள் நிற்பது பத்துக் குளத்தில் ஒவ்வொரு நாள் நிற்பதைவிடப் பாதுகாப்பானது. பறவைக் குறிப்பும் அதில்தான் செறிவாகச் சேரும்.

வழக்கமான ஆளாவதற்கு வேலை இருக்கிறது. குளத்துக்கு நேராகப் போய் இறங்காமல் ஊர் முக்கில் உள்ள டீக்கடையில் ஒரு டீ. அங்கே பெரியவர் ஒருவர் கட்டாயம் கேட்பார்: "எங்கருந்து வாரிய?" அந்தக் கேள்விக்குக் காத்திருக்காமல் நாமே சொல்லிவிடுவது நல்லது. "குளத்துல வாத்து வந்திருக்கான்னு பாக்க வந்தேன் அண்ணாச்சி. ஒம்பது மணி வரைக்கும் மேல மடைகிட்ட இருப்பேன்." இந்த இரண்டு வாக்கியத்தில் எல்லாம் இருக்கிறது: யார், எதற்கு, எங்கே, எப்போதுவரை. கடைக்காரரின் போன் நம்பரை வாங்கிக்கொண்டால், சிக்கல் வரும்போது இருபது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் உறவினரைவிட அவர் முதலில் வந்து நிற்பார். திரும்பும்போது பார்த்ததைச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். பறவைப் படப் புத்தகம் ஒன்றைக் கையில் வைத்திருப்பது அடையாள அட்டையைவிட நன்றாகப் பேசும். பைனாகுலரைக் கொடுத்து ஒருமுறை பார்க்கச் சொன்னால் அதைவிட நன்றாக.

அந்தக் கேள்வி சில ஊர்களில் "யாரு வீட்டுப் பிள்ளை?" என்று நீளும். எதைத் தெரிந்துகொள்ளக் கேட்கிறார்கள் என்பது நம் பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டாம். செய்கிற வேலையையும் இருக்கிற ஊரையும் சொல்லிப் பேச்சைப் பறவைக்குத் திருப்பிவிடுவதே சரி. ஓர் ஊரில் வெட்டு, குத்து நடந்து போலீஸ் நிற்கிறது என்றால் அந்தச் சுற்று வட்டாரத்துக் குளங்களைக் கொஞ்ச நாள் விட்டுவிட வேண்டும். தெரியாத முகம் ஒன்று விடியும் முன் கரையில் நடமாடுவதை அப்போது எந்தப் பக்கத்தாரும் சும்மா விடமாட்டார்கள்.

பைனாகுலரும் நீளமான லென்சும் தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு வேறு பொருள் தரும். ஆற்றங்கரையில் பறவை பார்ப்பவருக்கு வரக்கூடிய பெரிய வம்பு படித்துறையில்தான். பெண்கள் குளிக்கும் துறை இருக்கிற திசையில், அங்கே மீன்கொத்தியே உட்கார்ந்திருந்தாலும், கருவியைத் தூக்கக் கூடாது. துறைக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும்; முடிந்தால் ஆள் இல்லாத வளைவுக்குப் போய்விட வேண்டும். நம் மனசு சுத்தமாக இருந்தாலும் குளிக்கிறவர் அதைப் பார்க்க முடியாது. அவர்கள் கோபம் நியாயமானது.

விஜயநாராயணம் பெரியகுளம் பக்கம் போகிறவர்கள் கடற்படைத் தளம் அருகில் இருப்பதை மறக்கக் கூடாது. கூடங்குளம் அணுமின் நிலையம், மகேந்திரகிரி இஸ்ரோ வளாகம் பக்கமும் இதே கதை. வேலி, கோபுரம், ஆன்டெனா பின்னணியில் வரும்படி ஒரு படமும் எடுக்க வேண்டாம். ட்ரோனை வீட்டிலேயே வைத்துவிட வேண்டும். காவலர் கேட்டால் பையைத் திறந்து காட்டி, எடுத்த படங்களைக் காட்டி, போகச் சொன்னால் போய்விட வேண்டும். பறவை பார்க்கும் உரிமை பற்றி அங்கே வாதாடி ஆகப்போவது ஒன்றுமில்லை.

பெண்கள் தனியாகப் போவது பற்றிப் பேச்சு வந்தால் "வேண்டாம்" என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நேரத்தையும் இடத்தையும் தேர்ந்தெடுத்தால் போக முடியும். காலை ஆறரையிலிருந்து ஒன்பதரை வரை குளத்தில் ஆள் நடமாட்டம் இருக்கும்: நூறு நாள் வேலைக்கு வரும் பெண்கள், ஆட்டுக்காரர்கள், மீன்பாசி குத்தகைக்காரர்கள், தாரா வாத்து மேய்ப்பவர்கள். வேலைக்கு வந்த அக்காமாரோடு சேர்ந்தே நடந்து, அவர்கள் கண்ணுக்குள் இருக்கும் இடத்தில் உட்கார்ந்துகொள்ளலாம். மாலை நாலரைக்கு மேல் அதே கரை குடிக்க வருகிறவர்களின் இடமாகிவிடும். மடைச் சுவர் ஓரத்தில் உடைந்த பாட்டிலும் தண்ணீர் பாக்கெட்டும் குவிந்து கிடந்தால் அது சாயங்காலம் யாருடைய இடம் என்பதைக் காலையிலேயே சொல்லிவிடும். இது ஆண்களுக்கும் பொருந்தும். நகருக்குள் நயினார்குளம், வேய்ந்தான்குளம் போன்றவை தொடங்குவதற்கு நல்லவை. ரோடு பக்கத்திலேயே ஓடுகிறது. திருப்புடைமருதூரில் கோயிலைச் சுற்றியே பறவைகள் அடைகின்றன. 2005-இல் அறிவிக்கப்பட்ட, நாட்டின் முதல் பாதுகாப்புக் காப்பிடம் அது. கோயிலுக்கு வருகிறவர்கள் நடுவே நின்று நாள் முழுக்கப் பார்க்கலாம். அவசர உதவிக்கான 112, பெண்கள் உதவிக்கான 181 இரண்டு எண்களும், காவல் உதவி செயலியும் போனில் முன்பக்கத்திலேயே இருக்கட்டும்.

மலை ஓரம்

களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் தனியாக நடப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம். அனுமதியோடு போனாலும் வனக் காவலர் ஒருவரோடுதான் நடக்க வேண்டும். ஆனால் காப்பகத்தின் கோடு விலங்குக்குத் தெரியாது. அடிவாரத்துப் பொத்தைகள் எனும் சிறு குன்றுகள், பனங்காடு, இலந்தைப் புதர், புற்று இருக்கும் இடங்களில் கரடி வரும், அதுவும் விடியலிலும் மசங்கலிலும். நம் கரடிக்குப் பார்வை மட்டம், புற்றில் வாயை வைத்து ஊதி உறிஞ்சும்போது காதும் கேட்காது. சத்தமில்லாமல் போய் பத்தடியில் நின்றால் அது திகைத்துப் போய்த் தாக்கும். எனவே அடிவாரத்தில் பறவைக்காரரின் அமைதி கூடாது. வளைவுகளில் தொண்டையைச் செருமி, கம்பைக் கல்லில் தட்டி, பேசிக்கொண்டே போக வேண்டும். இருக்கும் இடம் வந்த பிறகு அமைதியாகலாம். எதிர்ப்பட்டால் ஓடக் கூடாது, மெல்லப் பின்வாங்க வேண்டும். பாய்ந்துவிட்டால் குப்புறப் படுத்து, இரண்டு கையாலும் பிடரியைக் கோத்து மூடி, முகத்தை மண்ணில் புதைத்துக்கொள்ள வேண்டும். அது முதலில் கிழிப்பது முகத்தையும் தலையையும். சிறுத்தை நடமாட்டம் சொல்லப்படும் இடத்தில் குத்தவைத்து உட்காருவதைத் தவிர்க்க வேண்டும். குனிந்த உருவம் அதற்கு ஆட்டுக்கும் நாய்க்கும் சமம். பாறையிலோ சுவரிலோ முதுகைச் சாய்த்து நிற்பது நல்லது. யானைச் சாணி ஈரமாகக் கிடந்தால் அன்றைக்கு அந்தப் பக்கம் வேலை இல்லை.

பறவை பார்ப்பவருக்கு மட்டும் ஒரு வசதி உண்டு. மற்றவர்களுக்குச் சத்தமாகக் கேட்பது நமக்குச் செய்தியாகக் கேட்கும். ஆள்காட்டிப் பறவைக்கு அந்தப் பேரை வைத்தவர் சும்மா வைக்கவில்லை. நாம் போய் உட்கார்ந்ததும் கத்தும். பத்து நிமிடத்தில் அடங்கும். பிறகு கரையின் அந்தக் கோடியில் மறுபடி கத்தத் தொடங்கினால் வேறு யாரோ, ஒரு நாயோ, வருகிறார்கள் என்று பொருள். வட்டமிட்டு ஒரே இடத்தை நோக்கித் தாழ்ந்து தாழ்ந்து பறந்தால் தரையில் கீரியோ பாம்போ இருக்கிறது. தவிட்டுக்குருவிகள் ஏழெட்டுச் சேர்ந்து ஒரே புதரைப் பார்த்து நின்று விடாமல் திட்டினால் அந்தப் புதரை விட்டு விலக வேண்டும். வால் துடிக்க அணில் ஒரே சுருதியில் கத்துவதும் அதே செய்தி. அடிவாரத்தில் சாயங்காலம் மயில்கள் ஒன்றன்பின் ஒன்றாக அகவத் தொடங்கி, மந்தியும் மரத்தின் மேலிருந்து குரைத்தால், பையைக் கட்டிக்கொண்டு ரோட்டுக்கு வந்துவிடலாம். காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு பறவைக் குரல் கேட்டுப் பழகுகிறவர்கள் அதை வீட்டில் செய்யட்டும்.

இடி மின்னலுக்கு எந்தப் பறவையும் அவ்வளவு தெளிவாகச் சொல்லாது. சித்திரை, வைகாசி மாலையிலும் ஐப்பசியிலும், மின்னலுக்கும் இடிக்கும் நடுவே 30 எண்ணுவதற்குள் சத்தம் வந்துவிட்டால் கரையை விட்டு இறங்கிவிட வேண்டும். பொட்டலில் உயர்ந்து நிற்பது நாமும் டிரைபாடும்தான். பனைமரத்தடி ஒதுங்குவது நின்ற இடத்திலேயே நிற்பதைவிட மோசம். கதண்டு எனும் குளவியின் கூடு இருக்கும் பனையை விட்டும் விலகியே இருக்க வேண்டும்.

கிடை நாய், தெரு நாய் கடித்தால் பல் பதிந்தது கீறலளவே என்றாலும் ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே வெறிநாய்க்கடித் தடுப்பூசி. தோலில் போடும் முறையில், முதல் ஊசி நாளை 0 என்று வைத்து, 0, 3, 7, 28 ஆகிய நாட்கள். ரத்தம் வந்த கடி என்றால் காயத்தைச் சுற்றிப் போடும் எதிர்ப்புப் புரத (இம்யூனோகுளோபுலின்) ஊசியையும் கேட்டு வாங்க வேண்டும்.

பையும் போனும்

இரண்டு லிட்டர் தண்ணீர், கோடையில் மூன்று. ஒரு லிட்டருக்கு ஒன்று என்ற கணக்கில் உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட் இரண்டு. நாலு விரல் அகலக் கிரேப் பேண்டேஜ், விசில், பவர் பேங்க், கருப்பட்டித் துண்டு. மங்கின நிறச் சட்டை இருக்கட்டும். பைக்குள் ஒரு சிவப்போ ஆரஞ்சோ துண்டு வேண்டும், விழுந்து கிடந்தால் கம்பில் கட்டி நிறுத்த. விசில் மூன்று முறை ஊதி நிறுத்தி, மறுபடி மூன்று. கத்தினால் ஐந்து நிமிடத்தில் தொண்டை கட்டும். விசிலுக்கு அது இல்லை. இன்னொரு நிறுவனத்துச் சிம் போட்ட பட்டன் போன் ஒன்று பையின் அடியில். அடிவாரத்தில் ஒன்று எடுக்காத இடத்தில் மற்றது எடுக்கும். வண்டியை ரோட்டைப் பார்க்கத் திருப்பி நிறுத்தி, சாவியைப் பையில் வைக்காமல் பேன்ட் பாக்கெட்டில் வைக்க வேண்டும். உடைமுள் குத்திப் பஞ்சராவது சாதாரணம் என்பதால் குளத்துக்குள் வண்டியை இறக்க வேண்டாம்.

வாட்ஸப்பில் நேரலை இருப்பிடத்தை 8 மணி நேரத்துக்கு அனுப்பலாம். ஆனால் டேட்டா இல்லாத இடத்தில் அது உறைந்து நிற்கும். பார்க்கிறவர் நாம் அங்கேயே இருப்பதாக நினைத்துக்கொள்வார். ஜிபிஎஸ்ஸுக்கு டேட்டா தேவையில்லை. உட்காரும் இடத்துக்கு வந்ததும் 8-இல் ஒன்றும் 77-இல் ஒன்றும் தொடங்கும் அந்த இரண்டு எண்களை, புள்ளிக்குப் பின் நாலு இலக்கத்தோடு, சாதாரணக் குறுஞ்செய்தியாக வீட்டுக்கு அனுப்ப வேண்டும். நாலு இலக்கம் என்றால் பத்துப் பன்னிரண்டு மீட்டருக்குள் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். 108-இல் பேசும்போது எண்ணைவிட ஊர் அடையாளம் உதவும். நம் குளத்தங்கரைகளில் பெரும்பாலும் சாஸ்தா கோயிலோ சுடலைமாடன் பீடமோ இருக்கும். "இன்ன ஊர் பெரியகுளம், சாஸ்தா கோயிலுக்குத் தெற்கே ரெண்டாவது மடை" என்றால் ஓட்டுநருக்குப் பாதி வழி தெரிந்துவிடும். வீட்டிலும் ஒப்பந்தம் திட்டமாக இருக்க வேண்டும்: ஒன்பதரைக்குப் போன் வரும், பத்துவரை வரவில்லை என்றால் நீங்கள் கூப்பிடுங்கள், பத்தரைக்கும் எடுக்கவில்லை என்றால் டீக்கடை அண்ணாச்சியைக் கூப்பிடுங்கள், அவர் போய்ப் பார்த்து ஆள் இல்லை என்றால் 112. இதைக் காகிதத்தில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்துவிட்டுப் போனால், வீட்டிலிருப்பவர் பதறும் நேரத்தில் யோசிக்க வேண்டியிருக்காது. சொன்ன மடையை விட்டு வேறு இடம் மாறினால், ஐந்நூறு மீட்டர்தான் என்றாலும், இன்னொரு செய்தி.

வீடு வந்ததும் துணியைத் தனியாக ஊறப்போட்டு, கணுக்கால், முழங்கால் மடிப்பு, இடுப்புப் பட்டி, அக்குள் ஆகிய இடங்களைச் சோப்பால் தேய்த்துக் குளிக்க வேண்டும். புல்லிலும் புதரோரத்திலும் உட்கார்ந்தவரைக் கண்ணுக்குத் தெரியாத பூச்சி கடித்திருந்தால் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல் பெரும்பாலும் பத்து நாள் கழித்துத்தான் வரும். ஆறு நாளிலும் வரலாம், மூன்று வாரமும் ஆகலாம். அதற்குள் குளத்துக்குப் போனதே மறந்திருக்கும். காய்ச்சலோடு தலைவலியும் வந்து, உடம்பில் எங்காவது சிகரெட் சுட்டதுபோல் வலியில்லாத கறுத்த பொருக்கு ஒன்று தென்பட்டால், சாதாரணக் காய்ச்சல் மாத்திரையோடு காத்திருக்கக் கூடாது. டாக்ஸிசைக்ளின் தொடங்கினால் பெரும்பாலும் இரண்டு நாளில் இறங்கிவிடும். விட்டுவிட்டால் நுரையீரல், சிறுநீரகம் வரை போகும். பொருக்கு மறைவான இடத்தில் இருக்கும், மருத்துவர் கேட்காமலும் போகலாம். எந்தத் தேதியில், எந்தக் குளத்தங்கரையில், எத்தனை மணி நேரம் புல்லில் உட்கார்ந்தோம் என்பதை நாமே முதலில் சொல்லிவிட வேண்டும்.